கிருமியைச் சுருக்கியது எது?

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதறேன். நானும் உங்கம்மாவும் சுகமா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு போன்ல கேட்டா நல்லாருக்கேன்ப்பான்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சிடற, அதனால பேனாவால கேக்கறேன், சாவகாசமா பதில் எழுது. இருமல் நின்னுதா? அந்தக் குளிர்ல ஈரத்தலையோட வெளியே கிளம்பாதே. கண்ணாடிக்கடை பரவாயில்ல, ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பார்வை மங்கிடுச்சு போல, வந்துக்கிட்டே இருக்காங்க. இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்கம்மாவோட டாக்டர் பட்டம் கைக்கு எட்டற நேரத்துல நழுவப் பார்த்துச்சு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. என்னால முடியுமா? உனக்குத்தான் தெரியுமே என் வாயைப் பத்தி.

கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் ஓய்வு எப்பன்னு கணக்குப் போடற வயசுல இவ ஆராய்ச்சின்னு போய்ச் சேர்ந்தா, கைடு மேடம் இவளைவிடச் சின்னவங்க, அது உனக்குத் தெரியும். புது மருந்து ஒண்ணு கிருமியை என்ன பண்ணுதுன்னு பார்க்கிறதுதான் வேலை. மருந்து போட்ட கிருமி, போடாத கிருமி, ரெண்டையும் மைக்ராஸ்கோப்ல படம் எடுத்து அளந்து பார்ப்பா. மருந்து போட்டது நல்லா சுருங்கியிருந்துச்சு, ஒவ்வொரு தடவையும். அடேயப்பா, நான் சும்மா இருப்பேனா? என் பொண்டாட்டி கிருமியையே ஒடுக்கிட்டான்னு தெரு பூரா தம்பட்டம் அடிச்சாச்சு. பக்கத்து சைக்கிள் கடைக்காரர் தன் மாமியாருக்கு அந்த மருந்து எங்கே கிடைக்கும்னு கேக்கற அளவுக்குப் போயிடுச்சு.

அங்கே இருக்கிறது ஒரே மைக்ராஸ்கோப். உங்கம்மா முறை காலைல. மருந்து போடாத கிருமி காலையிலேயே தயாரா இருக்கும், உயிரோடவே எடுத்துப் பார்த்துடுவா. மருந்து போட்டது பகல் முழுக்க ஊறி சாயங்காலம்தான் தயாராகும், அப்ப வேற ஒருத்தர் முறை. அதனால கெட்டுப் போகாம இருக்கட்டும்னு அதுல மட்டும் பார்மலின் ஊத்தி வச்சு மறுநாள் பார்ப்பா. ஆமா, பொணம் கெடாம இருக்க ஊத்தறாங்களே, அதேதான். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்றாங்களாம். ஒருநாள் மைக்ராஸ்கோப் ரிப்பேர், காலைல பார்க்க முடியல, சரின்னு மருந்து போடாத கிருமியையும் பார்மலின்ல போட்டுட்டு வந்துட்டா. மறுநாள் பார்த்தா அதுவும் சுருங்கிக் கிடக்கு! மருந்து வாசனையே படாதது! திரும்பச் செஞ்சு பார்த்திருக்கா, அப்பவும் அதே கதை. பார்மலின் கரைசல் கிருமிக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியே இழுத்துடுமாம், அது சுருங்கின நிலையிலேயே இறுகிப் போயிடுமாம். ஆக வேலை பார்த்தது பார்மலின், பேர் வாங்கினது மருந்து.

நேரா போய் கைடுகிட்ட சொல்லிட்டா. அந்தம்மா அதுக்குள்ள ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூட்டத்துல உங்கம்மா பேசறதா ஏற்பாடு பண்ணி, தலைப்பு கூட அச்சாகி வந்தாச்சு. கத்தலையாம், கத்தியிருந்தா தேவலைன்னா உங்கம்மா. உடம்பு சரியில்லன்னு சொல்லி விலகிக்கோங்க, பட்டத்தைப் பத்தி அப்புறம் யோசிப்போம்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களாம். வீட்டுக்கு வந்தவ அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி எறிஞ்சா, நாளைலேர்ந்து உங்க கடைல உக்காந்து கண்ணாடி துடைக்கிறேன்னா. நான் ஒரு மடையன், தாராளமா வா, ஆள் இல்லாமத்தான் தவிக்கிறேன்னு தமாஷ் பண்ணேன். பொலபொலன்னு அழுதுட்டா. இத்தனை வருஷத்துல அவ அப்படி அழுது நான் பார்த்ததில்ல.

மறுநாள் காலைல எனக்கு முன்னாடி எழுந்து கோட்டைத் தேடி எடுத்து உதறினா. கூட்டத்துல பேச எனக்குக் குடுத்த நேரம், நானே போய் உள்ளதைச் சொல்றேன்னா. சாயங்கால முறைக்காரர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி முறை மாத்திக்கிட்டு ரெண்டு கிருமியையும் உயிரோட பார்த்தா, அப்புறம் ரெண்டையும் பார்மலின்ல போட்டுப் பார்த்தா. எப்படிப் பார்த்தாலும் மருந்து போட்டதும் போடாததும் ஒரே அளவு. நான் விலகலைன்னு கைடுகிட்ட ஒரே வரில சொல்லிட்டு வந்தா.

கூட்டத்துக்கு நானும் வருவேன்னு அடம் பிடிச்சேன். கடைசி வரிசை, வாயைத் திறக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டுத்தான் கூட்டிட்டுப் போனா. மேடைல படத்தையெல்லாம் காட்டி, என் மருந்து ஒண்ணும் பண்ணல, நான்தான் ஒண்ணை உயிரோடவும் இன்னொண்ணை பார்மலின்லயும் வச்சு ஒப்பிட்டுட்டேன்னு பட்டுன்னு போட்டு உடைச்சா. அதோட விட்டாளா? இங்கே இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் இதே மாதிரி செஞ்சிருக்கீங்கன்னு சபையைப் பார்த்துக் கேட்டா பாரு! அவனவன் செருப்பைப் பார்க்கிறான். ஐயோ, மானம் போச்சேன்னு எனக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வருது. அப்ப முதல் வரிசைல ஒரு கை மேல போச்சு. முழுசா இல்ல, காது வரைக்கும்தான். கைடு மேடம். அதுக்குப் பின்னாடி ஒரு வழுக்கைத்தலை பெரியவர் தூக்கினார், அப்புறம் அங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு, பார்த்துக்கிட்டே இருக்கும்போது பாதி கூட்டம் கையைத் தூக்கியாச்சு. நானும் தூக்கிட்டேன்டா. கண்ணாடிக்கடைக்காரனுக்கும் பார்மலினுக்கும் என்ன சம்பந்தம், ஆனா அவளை அந்த மேடைல தனியா விட எனக்கு மனசு வரல.

பட்டம் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு சொல்றா, ஆகட்டும். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு இருக்கணும் தாயே. சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே. இதைப் படிச்ச கையோட அவளுக்குப் போன் போடு, அழுததை மட்டும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.

கையைத் தூக்கினவன்,
உன் அப்பா