மதினி வர்ற படம்

அன்பு மதினிக்கு,

நீங்க தலைகாட்டுன படம் வந்துருச்சு. நாம நினைச்ச மாதிரியே மகா மட்டம். இருந்து பார்த்திருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பீக.

போன வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போக சிவகங்கை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டரைப் பார்த்தேன். ஹீரோ ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் பச்சைப் பிள்ளை, பின்னால் தீ எரிகிறது. "அருவாளும் பிள்ளையும் சேந்து இருந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு டிக்கெட் எடு செல்வி, இது தேறவே தேறாது" என்று நீங்க என் காதில் சொல்கிற மாதிரியே இருந்தது. தலைவலி என்று ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு நீங்க கோட்டையூருக்கு வந்த நாளிலிருந்து நமக்கு இதுதானே வேலை? நல்ல படம் என்று ஊரே சொன்னால் நாம போக மாட்டோம். "அத ஊரு பாத்துக்கிரும். நாதியத்த படத்துக்கு நாமளாச்சும் போவோம்" என்பீக. தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு, பையில் முறுக்கை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீக. "ரெண்டு பைத்தியமும் பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று அண்ணன் வாசலோடு நின்றுகொள்ளும். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார அதுக்குப் பொறுமை ஏது?

படம் ஓடும்போதே, "இந்த ஹீரோ தங்கச்சி ரொம்பச் சிரிக்கிறா, இன்டர்வெல்லுக்கு முன்னாடி போய்ச் சேந்துருவா" என்று சொல்வீக. சொல்லி வாய் மூடவில்லை, அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஹீரோயின் ஜாக்கெட் கை பாட்டுக்கு முன்னால் ஒரு அளவு, பாட்டுக்குப் பின்னால் ஒரு அளவு என்று கண்டுபிடிப்பீக. ஆனால் நிசமாகவே உங்களுக்குக் கோபம் வருவது கல்யாண சீனில் கூட்டமாக நிற்கிற பொம்பளைகளைப் பார்த்துத்தான். "கல்யாண வீட்ல எவடி இப்படி வெறைச்சுப்போயி நிப்பா? ஒருத்தி பந்திக்கு ஓடணும், ஒருத்தி பொண்ணோட நகைய மொறைக்கணும். எல்லாவளும் ஹீரோ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாளுக பாரு!"

அந்தக் கூட்டத்தில் நிற்க உங்களையே கூப்பிட்டார்களே போன வருஷம்! கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஷூட்டிங். ஹீரோயின் ஜாக்கெட் தையல் விட்டுப்போய், டெய்லரைத் தேடி உங்களிடம் கார் வந்தது. போனீக, தைத்துக் கொடுத்தீக, பட்டுச் சேலையில் வேறு போயிருந்தீக. அப்படியே கல்யாணக் கூட்டத்தில் நின்றுவிட்டுப் போங்கம்மா என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் துருவித் துருவிக் கேட்டேன். "அங்க என்ன செஞ்சேன்னு சொல்ல மாட்டேன், படத்துல வந்து பாரு" என்று ஒரே பிகு.

படம் வருவதற்குள் நீங்க போயிட்டீக. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவுக எந்திரிக்கவே இல்லை. அப்படி என்ன அவசரம் மதினி?

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஒரு காலைக் காட்சிதான். என்னையும் சேர்த்து நாலு பேர். டிக்கெட் கொடுக்கிறவர், "பத்துப் பேராவது இல்லைன்னா ஓட்ட முடியாதும்மா" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை ஆறு பேர். "நாளைக்கும் ஆள் வரலைன்னா படத்தத் தூக்கிருவோம்" என்றார்.

"சார், இதுல எங்க மதினி நடிச்சிருக்காக. எப்படியாச்சும் பாக்கணும் சார்."

"அப்ப அவுகளையும் கூட்டிட்டு வாங்களேன், ஏழு பேராச்சு" என்றார் மனுசன். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் பஸ்ஸில் வீடு வரைக்கும் கண்ணைத் துடைக்க முந்தானை பத்தவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போய்ச் சேந்தவளத் திரையில போயிப் பாக்கச் சொல்றியா? என்னால ஆகாது தாயி" என்றது. அதுக்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. உங்க மிஷின் டிராயரைத் திறந்து அளவு நோட்டை எடுத்தேன். பேர், உடம்பளவு, கையளவு, ஓரத்தில் போன் நம்பர். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொருத்திக்காகப் போன் போட ஆரம்பித்தேன்.

நல்ல படம் என்று ஒருத்தியிடமும் பொய் சொல்லவில்லை மதினி, சத்தியமா.

"நல்லாருக்குமாக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நல்லாவே இருக்காது."

"அப்பறம் எதுக்குக்கா போகணும்?"

"மதினி வாராக அதுல."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள். அப்புறம், "எத்தனை மணிக்குக்கா?" என்றாள். முக்கால்வாசிப் பேர் இதையேதான் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தியேட்டர் வாசலில் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். சரி, வாயால் வருகிறேன் என்று சொல்வது யாருக்கும் சுலபம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கோட்டையூர் டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பஸ்ஸிலும் வந்தார்கள். டிக்கெட் கொடுக்கிறவர் எழுந்து நின்றேவிட்டார். நாற்பத்து மூன்று பேர்! பாதிப் பேருக்கு மேல் நீங்க தைத்த ஜாக்கெட். அந்தக் கழுத்து வெட்டு எனக்குத் தெரியாதா?

படம் இருக்கே, அடேயப்பா. ஹீரோ இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே அறுபது பேரை அடிக்கிறார். அந்தப் பிள்ளை ஒரு சண்டையிலும் அழவில்லை, டூயட் பாட்டுக்குத்தான் அழுதது. "அதுக்காச்சும் விவரம் இருக்கே" என்று பின்னால் ஒருத்தி சொல்ல, வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. நீங்க பக்கத்தில் இல்லையே என்று எனக்கு ஆத்தாமையாக இருந்தது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கல்யாண சீன் வந்துவிட்டது. கூட்டம் வழக்கம்போல விறைத்து நிற்கிறது. ஹீரோ தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நீளமாக வசனம் பேசுகிறார். அவர் தோளுக்குப் பின்னால், அந்த மயில்கழுத்துப் பட்டில், நீங்க.

எல்லாரும் ஹீரோவைப் பார்க்கிறார்கள், நீங்க மட்டும் பார்க்கவில்லை. முன்னால் நிற்கிறவளுக்கு முதுகில் ஜாக்கெட் கொக்கி கழன்றிருக்கிறது. நீங்க எட்டிப் பிடித்து மாட்டுறீக. முந்தானையை இழுத்து மூடி விடுறீக. "கொக்கி கூட மாட்டத் தெரியல, கல்யாணத்துக்கு வந்துட்டா" என்கிற மாதிரி முதுகில் ஒரு தட்டு. அவள் திரும்பி முழிக்கிறாள். நீங்க ஒன்றும் நடக்காத மாதிரி மாப்பிள்ளையைப் பார்த்து அட்சதைக் கையை ஓங்குறீக.

தியேட்டர் அதிர்ந்துவிட்டது மதினி! நோட்டில் பேர் இருக்கிற ஒருத்தியாவது அந்தத் தட்டு வாங்காமல் இருந்திருப்பாளா? "ஏ, டெய்லரக்கா! டெய்லரக்கா!" என்று கத்துகிறார்கள். ஒருத்தி விரலை மடித்து வைத்து விசில் அடித்தாள். அந்த மூன்று மணி நேரப் படத்தில் நிசமான ஆள் என்று பார்த்தால் நீங்க ஒருத்திதான். சொல்லிக் கொடுத்தா செஞ்சீக? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஆளின் தோளைத் தட்டி, "எங்க மதினி, எங்க மதினி" என்று சொன்னேன்.

சத்தம் அடங்கும்போது என் பக்கத்து சீட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் அண்ணன். எப்போது வந்ததோ, கடைசி வரிசையில் ஒளிந்து இருந்திருக்கிறது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஏத்தா, திரும்ப வருவாளா?" என்றது.

"தெரியலண்ணே. வந்தாலும் வருவாக."

அதை நம்பி உட்கார்ந்திருந்தது. நீங்க அப்புறம் வரவே இல்லை. ஆனால் அந்தப் பாடாவதிப் படம் முழுக்க அண்ணன் அசையவில்லை, இன்டர்வெல்லுக்குக் கூட எந்திரிக்கவில்லை. முடிந்து விளக்குப் போட்டு, எல்லாரும் வெளியே போக ஆரம்பித்த பிறகும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. திரையில் ஓடுகிற பேர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தது.

"அவ பேரு எப்ப வரும்?"

லைட் போட்டவர் பேர் வந்தது. சாப்பாடு போட்டவர் பேர், வேன் ஓட்டினவர் பேர் எல்லாம் வந்தது. அப்புறம் வெறும் வெள்ளைத் திரை.

"வரலயே தாயி" என்றது அண்ணன். பச்சைப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "பூரணவல்லி! கோட்டையூர் பூரணவல்லி!" என்று அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக் கத்தினேன். கதவு வரைக்கும் போன பொம்பளைகள் எல்லாம் நின்று திரும்பினார்கள். கூட்ட வந்தவர் துடைப்பத்தோடு நின்றுவிட்டார். அண்ணன் தலையை ஆட்டி, "ம், இப்ப சரி" என்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது.

மதினி, இந்தப் படத்தை எப்படியும் ஒரு நாள் டிவியில் போடுவான். எந்தச் சேனலில் எத்தனை தடவை போட்டாலும் நானும் அண்ணனும் முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம். கடைசிப் பேர் ஓடி முடிந்ததும் உங்க பேரைச் சத்தம் போட்டுச் சொல்வேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. இது சத்தியம்.

உங்க நாத்தனா,
செல்வி