படகு ஓடாத வெள்ளிக்கிழமை

அன்புள்ள கோசலாவுக்கு,

கட்டாரில் எனக்கு ஒரு குறையுமில்லை. உம்முடைய சுகம் கேட்கத்தான் இம்முறை பயமாக இருக்கிறது. போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர். அதனால் ஊருக்கு வரும் நண்பரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கே போனீர் என்று கேட்டதற்கு, "நயினாதீவு அம்மனிட்டைப் போயிட்டு வந்தனான்" என்றீர். அன்று காற்றுக் கடுமை, ஒரு படகும் ஓடவில்லை என்று படகில் வேலை செய்யும் பிரசாந்தன் சொன்னான். இனிப் பொய் சொல்வதென்றால் காற்றைப் பார்த்துச் சொல்லும்.

உம்முடைய அக்காவை நெருக்கிக் கேட்டேன். "மார்பிலை கட்டி, புற்றுநோயாம். மார்பை எடுக்கவேணுமாம். ஆஸ்பத்திரிக்குத் தனியத்தான் போனவள்" என்று அழுதார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மில் கோபமும் ஆறவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன், தந்தே ஆகவேண்டும். அதுவரை அக்காவைக் கூட்டிக்கொண்டு போம். கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பும்.

அறைக்கதவை உள்ளே பூட்டும் திறாங்கு கழன்றுவிட்டது, ஆள்பிடித்துத் திருத்தவா என்று கேட்டிருந்தீர். திருத்த வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீர் என்னை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டுதான் சட்டை மாற்றுவீர் என்று எனக்குத் தெரியும்.

நண்பர் வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறார்.

உம்முடைய
சுதன்