மூன்றாம் கூண்டின் நான்கு புள்ளிகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

பன்னிரண்டு எலிகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு எட்டை மட்டும் உலகத்துக்குக் காட்டியிருக்கிறாய். அது தப்பு. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உன் வலி மருந்துக் கட்டுரையை மருந்துக்கடைக்காரர் அச்செடுத்துத் தந்தார். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். படத்தில் தீப்பெட்டிகளை நிமிர்த்தி வைத்த மாதிரி இரண்டு கட்டங்கள். ஒரு புள்ளிகூட இல்லை. எலிகள் எட்டு என்று அடியில் பொடி எழுத்து.

அந்த மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுக்கூடத்தில் அப்போது நான் கூண்டு கழுவுகிறவன், நீ மாணவி. சாயங்காலம் எல்லாரும் போனபின் கட்டத்தாளை மேசையில் விரிப்போம். வாலில் போட்ட மை வளையங்களை எண்ணி எந்த எலி என்று பார்த்து நான் அளவைச் சொல்லச் சொல்ல, நீ புள்ளி வைப்பாய். ஒரு எலிக்கு ஒரு புள்ளி. தீனியைத் தொடாத ஒன்றுக்கு மாப்பிள்ளை என்று பேர். "அண்ணே, மாப்பிள்ளைக்கு இன்னைக்கும் கோவமா? நாம என்ன குறை வச்சோமாம்?" என்று சிரிப்பாய். அவனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமே என்றேன் ஒருநாள். "பிடிக்காத சொந்தக்காரங்களையும் கல்யாண போட்டோவுல நிக்க வைக்கணும்ணே" என்றாய். அப்படிச் சொன்னவள் நீ.

மருந்து கொடுத்தபின் மூன்றாம் கூண்டில் நான்கு எலிகளும் நடுங்கியபோது அழுதாய். ஜன்னல் ஓரம், குளிராக இருக்கும் என்று சொன்னவன் நான்தான். அதையே காரணமாக வைத்து நான்கையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாய். ஆறுதலுக்குச் சொன்னது ஆதாரம் ஆகுமா? மறுநாள் ஜன்னல் சட்டத்தில் கை வைத்துப் பார்த்தேன், காற்றே இல்லை. உன்னிடம் வந்து சொன்னேன். "விடுங்கண்ணே, எழுதி அனுப்பியாச்சு" என்றாய். நானும் விட்டேன். அது என் தப்பு.

அண்ணி ஆறு மாதமாக முழங்காலுக்கு அந்த மருந்தைத்தான் சாப்பிடுகிறாள். இப்போது கை நடுங்குகிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தையல் துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நடுக்கம் வந்ததாக எங்கேயும் பதிவில்லை, வயசாகிவிட்டது என்கிறார் டாக்டர். மருந்தால்தானா என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டாமா? நான்கு எலிகளைப் பற்றி அண்ணியிடம் சொன்னேன். "நம்ம சின்னவ மறைக்கிற ஆளா? அவ வாயால சொல்லட்டும், நிறுத்துறேன்" என்று இன்று காலையும் மாத்திரையை விழுங்கினாள்.

ஆகவே, நீ பன்னிரண்டு புள்ளிகளோடு படத்தைத் திரும்பப் போட வேண்டும். திருத்தம் என்று உன் பேரிலேயே கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுத வேண்டும். மூல அளவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியே வைக்க வேண்டும். அன்று அளவுகளைக் குறித்து வைத்த என் பழைய நோட்டின் நகல் இதோடு இருக்கிறது, ஜன்னல் கதை என்னுடையது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இன்னொரு நகலை நாளை டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. படித்துவிட்டு முடிவு சொல்வது அவர் வேலை.

எல்லாவற்றுக்கும் முன்னால், இதைப் படித்த கையோடு அண்ணிக்குப் போன் போட வேண்டியவள் நீ. போனை எடுக்கக் கை நடுங்கும், கொஞ்ச நேரமாகும். வைத்துவிடாதே.

நன்றாக இரு.

உன் அண்ணன்