வெர்னாவின் ஊதாத் தொப்பி

மார்ச் 4
தீவனக் கடையைத் திறக்கும்போதே ட்ராய் காத்திருந்தான். குதிரையைச் சங்கிலியால் அடித்ததற்காக நான் வேலையை விட்டு அனுப்பியவன். டயர் கழற்றும் இரும்பால் என் விலாவில் இரண்டு அடி. "அடுத்த தடவை மண்டைடா, வேட்." மண்டைக்கு முன்பதிவு ஆயிற்று.

மார்ச் 11
ஜாமீனில் வந்துவிட்டான். என்னை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்திருக்கிறது. அழகான முத்திரை. இரும்பைத் தடுக்கும் தடிமன் இல்லை.

மார்ச் 20
கைத்துப்பாக்கி வாங்கினேன். பயிற்சி தருபவர் பெக், ஓய்வுபெற்ற போலீஸ்காரி. "விசைக்கு விரல் கடைசியாத்தான் போகணும். அதுக்கு முன்னாடி, அவனுக்குப் பின்னால யாருன்னு பாரு. குண்டு எங்க போய் நின்னாலும் அது உன்னோடது." வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேர் துப்பாக்கி உறைத் தோலின் நிறத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்கள்.

ஏப்ரல் 2
துப்பாக்கி இடுப்பில் இருப்பதால் குனிந்து மூட்டை தூக்க முடியவில்லை. கோழி வளர்க்கும் வெர்னா — ஊருக்கே வாய் அவள்தான் — "என்ன வேட், இடுப்புல கட்டியா? டாக்டர்ட்ட காட்டுனியா?"

ஏப்ரல் 17
இடது கையால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி.
திங்கட்கிழமை காலை ட்ராய் இரும்போடு கடைக்குள் வந்தான். துப்பாக்கியை எடுத்தேன். நெஞ்சுக்கு நேராக, ஆறடி தூரம். தவற வழியே இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் ஊதாத் தொப்பி நிமிர்ந்தது. வெர்னா. கையில் குஞ்சுத் தீவனம்.
விரல் விசைக்குப் போகவில்லை.
இரும்பு மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்தது வாயில். மூணு பல்லு. அவ்வளவுதான், செத்தேன்னு நெனச்சேன் — ஏன் சுடல? ஏன்டா சுடல?
வெர்னா, மாடு நக்கும் உப்புக்கட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவன் பிடரியில் போட்டாள்.

ஏப்ரல் 19
ட்ராய் கண் திறந்தான். கட்டிலோடு விலங்கு.

ஏப்ரல் 23
காபிக் கடையில் வெர்னா: "துப்பாக்கி வேட் கையில. உப்பு என் கையில. எது வேல செஞ்சுது? என் கோழிகிட்ட குடுத்திருந்தாக்கூட சுட்டிருக்கும்!" மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும், மீதிப் பற்களோடு.

ஏப்ரல் 25
பெக் ஒன்றுதான் கேட்டார். "பின்னால யாரு?"
"வெர்னா."
கட்டுப் போட்ட என் மணிக்கட்டைப் பார்த்தார். "கஷ்டமான முடிவுதான்."

மே 6
வெர்னா தீவனம் வாங்க வந்தாள். அன்று நின்ற அதே வரிசை, அதே இடம். "ஏன் வேட், அன்னிக்குக் கை நடுங்கிச்சா—" நிமிர்ந்தவள் நிறுத்திக்கொண்டாள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நடுவில், ட்ராய் நின்ற, ரத்தக் கறை போகாத தரைப் பலகையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.
மூட்டையை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

மே 7
இன்று காபிக் கடையில் வெர்னா மழை வராததைப் பற்றி மட்டும் பேசினாளாம்.