விடைக்குறிப்பில் இல்லாத பெண்

அத்பாஷி,
அக்டோபர் 9

அன்புள்ள குபானிச்சுக்கு,

சைராகுல் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மேய்ச்சலிலிருந்து ஆடுகள் இறங்கிவிட்டன.

நீ எழுதிய ‘பாட்டி’ கதையை ஏழாம் வகுப்புப் பாடநூலில் சேர்த்துவிட்டார்கள். அதை நடத்தும் தலையெழுத்து எனக்கு. ‘வருணனைத் தொடர்களை விளக்குக’ என்று பயிற்சி வேறு. தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ தயாரித்த விடைக்குறிப்பையும் அனுப்பியிருக்கிறார்கள்.

‘தொலைவிலுள்ள சிகரங்களையே நோக்கும் விழிகள்.’ இதற்கு விடை, மலைமக்களின் விடுதலை வேட்கையாம். பக்கத்து வீட்டு ஜில்டிஸ் எழுந்து, “டீச்சர், அந்தப் பாட்டிக்குக் கண்ணுல புரை. நேத்து எங்க கழுதையப் பாத்து சௌக்கியமான்னு கேட்டாங்க” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆறு வருஷமாக எட்டிப் பார்க்காதவனுக்கு வேட்கைதான் தெரியும், புரை எங்கே தெரியப்போகிறது?

‘பனி போன்ற மௌனம்.’ யாருக்கு? என் மாமியாருக்கா? காலையில் என்னைத் திட்ட ஆரம்பித்தால் அரசாங்கத்தைத் திட்டி முடிக்க இருட்டிவிடும். நகரத்துக்காரர்கள் நம்புவார்கள் என்று அளந்துவிட்டிருக்கிறாய்.

அடுத்தது, ‘ஓசையின்றித் தேநீர் ஊற்றும் ஒரு பெண்.’ வேலைக்கு உதவும் அயலார் என்கிறது விடைக்குறிப்பு. தேர்வில் ஜில்டிஸ் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள்: ‘கதாசிரியரின் அம்மா. பாட்டி என்று ஒருவர் இருந்தால் நடுவில் அம்மா இருக்க வேண்டும்.’

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிகிறது. தலைப்பிள்ளையைப் பாட்டிக்குக் கொடுப்பது நம் வழக்கம். நீ பிறந்த நாற்பதாம் நாள் உன்னை மாமியார் மடியில் வைத்தவள் நான். அவரை அம்மா என்றாய், என்னை அண்ணி என்றாய். அதில் எனக்கு வருத்தமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். பொய். ஆனாலும் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. புத்தகத்தில் அவரைப் பாட்டியாக்கினாய், என்னை அயலாராக்கினாய். இதற்கா இத்தனை படிப்பு?

கணவாயைப் பனி மூடுவதற்குள் வந்து சேர். கண் அறுவைச் சிகிச்சைக்கு உன்னோடு என்றால்தான் கிளம்புவேன் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார்.

அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை வா. ஜில்டிஸின் விடைத்தாளைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன். அவள் எழுதியது சரியா தவறா என்று அவளிடம் நீயே சொல். என்னிடம் சொல்ல வேண்டாம்.

நல்லபடியாக இரு, கண்ணா.

சைராகுல்