ஒரு படத்துக்கு விட்ட இடம்

தோஹா

அன்பு ருஷ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் உம்மாவும் சுகம்தானே? கண்டியில் நல்ல மழையாம். ஜன்னலோரத்து டீவி நனையாமல் பார்த்துக்கொள்.

ஒரு சின்ன விஷயம். போனில் கேட்டால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நாம் டீவியில் விளையாடும் கேம், அந்தக் காலத்து இத்தாலியில் ஓவியம் வாங்கிச் சேர்ப்போமே, அது. நீ படத்தைத் தேர்ந்தெடுப்பாய், நான் வாங்கி மாளிகைச் சுவரில் மாட்டுவேன். கடைசிப் படத்தை மட்டும் நான் லீவில் வந்ததும் வாங்குவோம் என்று விட்டுவைத்தோம். போன கிழமைகூட, "கேம் மெஷின அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டிட்டேன், நீங்க இல்லாம தொட மனசு வருதில்ல" என்றாய்.

கேம் என் கணக்கில்தானே இருக்கிறது, நேற்று என் போனுக்கு அதிலிருந்து அறிவிப்பு வந்தது. நம்முடைய ஓவியங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டனவாம், வாழ்த்துகளாம். அறையில் இருப்பவன் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கறிக்குப் போடும் கொச்சிக்காய்த் தூள் முடிந்துவிட்டது, வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. தலையணை உறையும் ஒன்று வேண்டும். புதிது வாங்காதே, நீ பாவித்ததே போதும்.

வேலைக்குப் போகும் வேன் ஹோர்ன் அடிக்கிறது. உனக்கு அந்தக் கேம் விளையாடத் தெரியாது, ருஷ்தா. விளையாடியது யாரென்று நான் கேட்கவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தது நீதானா என்று மட்டும் எழுது.

நபீல்