விலை ஏறாத காப்பித்தூள்

அத்தான்,

இன்று காலை மகள் வாங்கிவந்த காப்பித்தூள் பொட்டலத்தைப் பிரித்தேன். முதலில் மூக்கில் ஏறியது சிக்கரி வாடைதான். பொட்டலத்தின் முதுகில் காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அச்சடித்தே இருக்கிறார்கள். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. நீங்கள் இருந்திருந்தால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்திருப்பீர்கள். பிறகு பொட்டலத்தை அப்படியே மடித்து ஓரமாக வைத்திருப்பீர்கள்.

பாளையங்கோட்டையில் நம் கடை இருந்த காலம் நினைவுக்கு வந்தது. கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுப்போம். காப்பியைவிட மலிவான சிக்கரி வேர்த்தூளைச் சேர்ப்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், கடல் கடந்த ஏதோ தேசத்தில் பனி பெய்து காப்பிச் செடியெல்லாம் கருகிவிட்டதாம். அங்கே கருகியதற்கு இங்கே கொட்டை விலை ஏறியது. மூட்டை வாங்கப் போன நீங்கள் அரை மூட்டையோடு திரும்பினீர்கள். கொட்டை விலை ஏறினால் தூள் விலையும் ஏறத்தானே வேண்டும்? மறுநாளே பலகையில் புது விலையை எழுதினீர்கள். நம்மைப் போலவே காப்பித்தூள் விற்ற எதிர்க்கடைக்காரர் தன் பலகையைத் தொடவே இல்லை.

கடை திறந்த நாளிலிருந்து நம்மிடம் வாங்கும் மிஷன் பள்ளி வாத்தியார்தான் முதலில் கேட்டார். "அவரு ஏத்தலயே, நீரு மட்டும் ஏன் வே ஏத்துதீரு?"

"அவரு சிக்கரிய ஏத்திட்டாரு சார். நான் வெலய ஏத்திட்டேன்" என்றீர்கள். வாத்தியார் சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

மத்தியானம் சோறு போடும்போது, "கொஞ்சம் கலந்தா யாருக்கு அத்தான் தெரியப் போவுது?" என்று கேட்டேன். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "வெலயக் கூட்டுனா ஒரு நாளு ஏசுவாங்க. சிக்கரியக் கூட்டுனா நாம தெனமும்லா ஏமாத்துதோம்" என்றீர்கள். கடை வாடகையும் மகளின் படிப்பும் அந்த அரவை மிஷினை நம்பித்தான் இருந்தன. அன்று உங்கள்மேல் வந்த எரிச்சல் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். உத்தமரோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை.

பல மாதம் கழித்துக் கொட்டை விலை இறங்கியது. அன்றைக்கே பலகையை அழித்துப் பழைய விலையை எழுதினீர்கள். இனி எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று கூடுதலாக வறுத்தும் வைத்தீர்கள். வந்தார்கள். "கொறச்சிட்டீரே, பழைய சரக்கா?" என்று மோந்து பார்த்தார்கள். வாங்கிப் போன வாத்தியாரும் இரண்டு நாளில் திரும்பி வந்தார்.

"கசப்பு காணாது வே. நெறமும் இல்ல. முன்ன நல்லா இருக்கும்லா, இப்பம் என்ன ஆச்சு?"

தூள் அதே தூள்தான். இடையில் அவருடைய நாக்கு மாறியிருந்தது. எதிர்க்கடையில் பலகைக்கு வராத விலையேற்றம் ஊர்க்காரர்களின் நாக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. கொட்டை மலிந்தபோதும் அது அங்கிருந்து இறங்கவில்லை. எதிர்க்கடைக்காரரும் சிக்கரியைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் அவரையும் ஏசியிருப்பார்கள்.

அப்போதுதான் வேறெந்த வியாபாரிக்கும் தோன்றாத புத்தி உங்களுக்குத் தோன்றியது. சிக்கரியைத் தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தீர்கள். "காப்பி இங்கன இருக்கு, சிக்கரி அங்கன இருக்கு. வேணுங்கிற அளவுக்கு வீட்டுல கலந்துக்கிடுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நாங்க என்ன சிக்கரி குடிக்கிற ஆளா?" என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்தாள். கையில் எதிர்க்கடைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களுக்கு முகம் செத்துவிட்டது.

சித்திரை பிறப்பதற்குள் மிஷினை விற்றோம். நீங்கள் நாங்குநேரி அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போனீர்கள். மகள் படித்து முடித்தாள். எதிர்க்கடை மாடி கட்டியது. அவரைப் பற்றி நீங்கள் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் காப்பி கேட்டீர்கள். நல்ல வெயில். வாசல் கடை மூடியிருந்ததால் பஸ் நிறுத்தம் வரை நடந்து போய் வாங்கிவந்தேன். வண்டி மை மாதிரி இருந்தது, அவ்வளவும் சிக்கரி. என்ன சொல்லப் போகிறீர்களோ என்று பயந்துகொண்டே பைய வாயில் ஊற்றினேன். முழுசாகக் குடித்தீர்கள். என் முகத்து வேர்வையைப் பார்த்தபடியே, "ஏட்டி, நல்லாருக்கு" என்றீர்கள்.

உங்கள் நாக்கும் ஊரோடு சேர்ந்துவிட்டதோ, என்னவோ. நான் கேட்கவில்லை. கடையில் கல்லா காலியாகக் கிடந்த நாளில்கூட ஒருவரிடமும் பொய் சொல்லாத மனுஷன், எனக்காக அன்று ஒன்று சொன்னதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.